சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு கணக்கு

கணவனுக்கோ மனைவிக்கோ இதய சத்திரசிகிச்சை என்றால், குடும்பம் கேட்டறிய வேண்டியவை

"இதயத்தில் சத்திரசிகிச்சை செய்யவேண்டும்" என்ற செய்தி ஒரு வீட்டினுள் நுழைந்தால், பெட்டிக்குள்ளிருந்து முதலில் வெளியே வருபவை தாலிக்கொடியும் காணி உறுதியுமே. எவ்வளவு முடியும் என்று தெரியாது. எது இலவசம் என்று தெரியாது. யாரிடம் கேட்பதென்றும் தெரியாது. ஆனால் நகை அடகுக்குப் போய்விடும். காணிக்கு ஆள் தேடத் தொடங்கிவிடுவோம். ஏற்கெனவே ஒரு முறை, சிலர் பல முறை, வீடு வாசலை விட்டு எழும்பி வந்தவர்கள் நாம். எஞ்சியிருக்கும் அரை ஏக்கரும் போய்விட்டால் பின்னர் மீள்வது எளிதன்று.

ஆகவே விற்பதற்கு முன் கேட்க வேண்டும்; கேட்டதை எழுத வேண்டும்; எழுதியதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இக்கட்டுரை அந்தக் கணக்கைப் போடுவதற்கு உதவும் நோக்குடன் எழுதப்படுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். நெஞ்சைப் பிசைவது போன்ற வலி, இடது கைக்கும் தாடைக்கும் ஏறும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டுதல், மயக்கம் ஆகியவை கண்டால் கணக்குப் பார்க்கும் நேரம் அதுவன்று. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு உடனே செல்லுங்கள். கீழே சொல்லப்படுபவை, நாள் குறித்துச் செய்யப்படும் சத்திரசிகிச்சைக்கு உரியவை.

முதலில் வைத்தியரிடம்

"இதய ஒப்பரேசன்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் பல வகை உண்டு. காப்புறுதியும் உதவி நிதிகளும் அந்த வகையைப் பார்த்தே பணம் கொடுக்கின்றன.

இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டிருந்தால், மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பை விரித்து, சிறிய வலைக்குழாய் ஒன்றை வைப்பர். இதனை 'ஸ்டென்ட் வைத்தல்' என்பர். அடைப்புகள் பலவாயின், காலிலிருந்தோ நெஞ்சின் உட்புறத்திலிருந்தோ எடுத்த இரத்தக் குழாயால் மாற்றுப் பாதை அமைப்பர். இது 'பைபாஸ்'. மூன்றாவது, வால்வு பழுதடைந்திருந்தால் அதனைச் சீர்செய்வது அல்லது மாற்றுவது. சிறு வயதில் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சலே வால்வு பழுதடைய ஒரு முக்கிய காரணம். நெருக்கமான இருப்பிடங்களில் வளர்ந்த பிள்ளைகளிடையே இது கூடுதலாகக் காணப்படும். நாற்பது வயதில் வயலில் மூச்சு வாங்கும் பெண்ணுக்குப் பத்து வயதில் வந்த காய்ச்சல் காரணமாயிருக்கலாம்.

ஆகவே வைத்தியரிடம் பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. செய்யப்போகும் சத்திரசிகிச்சையின் சரியான பெயர் என்ன? அதனை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதித் தரமுடியுமா?
2. இது எவ்வளவு அவசரம்? நாட்களா, வாரங்களா, மாதங்களா?
3. எந்த வைத்தியசாலையில், எத்தனை நாள் தங்கவேண்டும்?
4. வெளியில் செய்யவேண்டிய பரிசோதனைகள், வெளியில் வாங்கவேண்டிய பொருட்கள் உண்டா?
5. எத்தனை மாதம் பாரம் தூக்கக்கூடாது? எந்த மருந்து எவ்வளவு காலம்?

இரண்டாவது கேள்வி கமக்காரக் குடும்பத்துக்கு மிகவும் முக்கியம். "நெல் வெட்டும்வரை பொறுக்கலாமோ ஐயா?" என்று கேட்பதில் வெட்கமில்லை. பொறுக்கலாம் என்றால் அதன்படி ஒழுங்குசெய்யலாம். பொறுக்கக்கூடாது என்றால் நெல்லை வேறொருவர் வெட்டட்டும். அந்த முடிவு வைத்தியருடையது; எம்முடையதன்று.

எந்த வைத்தியசாலை?

எமது நாட்டில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இதய சத்திரசிகிச்சையும் அவ்வாறே. கொழும்பு தேசிய வைத்தியசாலை, கண்டி, காலி கராப்பிட்டிய, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஆகியவற்றில் இதய சத்திரசிகிச்சைப் பிரிவுகள் உண்டு. பிள்ளைகளுக்குக் கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலை இருக்கிறது. இங்கு நாம் செலுத்தும் விலை பணமன்று, காத்திருப்பு. வரிசை நீளமாயிருக்கும்.

இரண்டாவது வழி, 1984 இல் ஜப்பானின் உதவியுடன் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்த்தனபுர பொது வைத்தியசாலை போன்றது. இது அரசுடன் சேர்ந்தது; ஆனால் கட்டணம் உண்டு. மூன்றாவது, முழுத் தனியார் வைத்தியசாலைகள்.

கட்டணம் அறவிடும் எந்த வைத்தியசாலையிலும் 'மதிப்பீட்டுக் கடிதம்' ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதிலே சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணம், மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், சத்திரசிகிச்சைக் கூடம், இதய நுரையீரல் இயந்திரம், தீவிர சிகிச்சைப் பிரிவு, அறை, வால்வு அல்லது ஸ்டென்ட், மருந்து ஆகியன சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். "இத்தனை இலட்சத்துக்கு எல்லாம் முடியும்" என்று வாயால் சொல்லப்படுவது மதிப்பீடு ஆகாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் என்று எண்ணியது ஐந்து நாளானால் மேலதிகமாக எவ்வளவு என்பதையும் கேளுங்கள். கட்டணம் தாண்டிப்போவது பெரும்பாலும் அந்த இடத்திலேதான்.

இரத்தம் பற்றி ஒரு சொல். 2014 முதல் எமது தேசிய இரத்த மாற்றுச் சேவை முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளரின் இரத்தத்திலேயே இயங்குகிறது. "இரத்தம் தர ஆள் பிடித்துத் தருகிறேன், இவ்வளவு காசு தா" என்று வைத்தியசாலை வாசலில் எவரும் கேட்டால் கொடுக்கவேண்டாம். உள்ளே சென்று தாதியிடம் கேளுங்கள்.

காப்புறுதி என்பது எது?

"எங்களுக்குக் காப்புறுதி இருக்குது" என்று சொல்லும் குடும்பங்கள் பலவற்றில் இருப்பது வேறொன்று. பயிர்க் காப்புறுதி பயிருக்கே உரியது. வெள்ளம், வரட்சி, யானை என்பவற்றுக்கு. 1987 இல் சட்டமாக்கப்பட்ட கமக்காரர் ஓய்வூதியத் திட்டம் முதுமை, அங்கவீனம், மரணம் ஆகியவற்றை நோக்கியது. இவை வைத்தியசாலைக் கட்டணத்தைக் கட்டமாட்டா.

சத்திரசிகிச்சைக்குப் பயன்படக்கூடிய காப்புறுதி மூன்று வகைப்படும்.

முதலாவது, கட்டணத்தைத் திருப்பித் தருவது. பற்றுச்சீட்டைக் காட்டினால், பத்திரத்தில் எழுதிய எல்லைக்குள் பணம் கிடைக்கும். வேலைத்தலங்களில் ஊழியருக்கும் அவரது குடும்பத்துக்கும் எடுக்கப்படும் கூட்டுக் காப்புறுதி பெரும்பாலும் இவ்வகை.

இரண்டாவது, நாட்கணக்கில் தருவது. வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு தொகை. கட்டணம் எவ்வளவு என்பது பற்றி இதற்குக் கவலையில்லை. அரச வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை பெறுபவருக்கு மிகவும் உதவக்கூடியது இதுவே. அரச வைத்தியசாலையில் தங்கினாலும் தருவார்களா என்பதைப் பத்திரத்தில் பாருங்கள்.

மூன்றாவது, பாரதூரமான நோய்க்கு ஒரே தொகையாகத் தருவது. இது ஆயுட் காப்புறுதியுடன் மேலதிகமாக இணைக்கப்பட்டிருக்கும். இங்கே நோயின் வரைவிலக்கணமே எல்லாம். நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸுக்குப் பணம் உண்டு, ஸ்டென்டுக்கு இல்லை அல்லது குறைவு என்று பல பத்திரங்களில் எழுதப்பட்டிருக்கும். நோய் கண்ட பின் நோயாளி இத்தனை நாள் உயிருடன் இருந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் காணப்படும். வைத்தியர் எழுதித்தந்த பெயரையும் பத்திரத்திலுள்ள பெயரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டியது இதற்காகவே.

யாருடைய காப்புறுதியில் யார்?

குடும்பத்தில் ஒருவராவது மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறாரா என்று பாருங்கள். கணவன் பாடசாலைக் காவலாளியாயிருக்கலாம். மகள் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கலாம். மகன் வங்கியில் சேர்ந்திருக்கலாம்.

அரச ஊழியருக்கு 'அக்ரஹார' என்ற மருத்துவக் காப்புறுதி உண்டு. 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இதனை நடத்துகிறது. மாதச் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை கழிக்கப்படும். ஊழியருடன் அவரது வாழ்க்கைத் துணையும் இதில் அடங்குவர். ஓய்வூதியம் பெறுவோருக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. மணமாகாத மகனோ மகளோ அரச ஊழியராயின், பெற்றோரைச் சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். எந்தத் தரத்துக்குச் சந்தா கட்டுகிறார் என்பதைப் பொறுத்து எல்லை மாறும்.

தனியார் வேலைத்தலமாயின் நேரே நிர்வாக அலுவலரிடம் கேட்கவேண்டும். இவ்வாறு கேட்கலாம்:

"ஐயா, என்ர பேரில இருக்கிற காப்புறுதியில மனிசியின்ர பேரும் பதிஞ்சிருக்குதோ?"

"கலியாணம் கட்டினவையள் எல்லாருக்கும் உண்டு அண்ணை."

"உண்டு எண்டது சரி ஐயா. பதிஞ்சிருக்குதோ எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ. இந்த வருசத்துக்கு எவ்வளவு மிச்சம் கிடக்குது எண்டும் வேணும்."

உரிமை இருப்பதும் பெயர் பதிந்திருப்பதும் இரண்டு வேறு விடயங்கள். படிவம் நிரப்பிக் கொடுக்காதபடியால் மனைவியின் பெயர் இல்லாமற் போன குடும்பங்கள் உண்டு. அது சத்திரசிகிச்சைக்குப் பின் தெரிவதிலும் பார்க்க முன் தெரிவது நல்லது.

இங்கேதான் எமது மக்களுக்கு ஒரு தனிச் சிக்கல் எழுகிறது. துணை என்று நிரூபிக்க விவாகப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் தாலி கட்டிக் குடும்பமானவர்களுள் பதிவு செய்யாதோர் பலர். பதிந்தும் சான்றிதழைத் தொலைத்தவர்கள் இன்னும் பலர். பதிவு செய்தவர்கள் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். தேவாலயத்தில் மணமுடித்தவர்கள் அந்தத் தேவாலயத்தின் பதிவேட்டையும் பார்க்கக் கேட்கலாம். பதிவே செய்யாதவர்கள் இப்போதாவது பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து, வைத்தியசாலைக் கொப்பியில் இன்னொரு விதம் என்றிருந்தால், "இவர்கள் ஒருவரே" என்ற சத்தியக் கடதாசியை முன்கூட்டியே முடித்துவையுங்கள்.

பத்து இலட்சம் என்றால் பத்து இலட்சமா?

பத்திரத்தின் முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். உள்ளே அதைக் குறைக்கும் விதிகள் இருக்கும். கணக்குப் பழகுவதற்காக மட்டும் ஓர் உதாரணம் பார்ப்போம். இத்தொகைகள் எந்தக் கம்பனியினதும் அல்ல.

காப்புறுதியின் ஆண்டு எல்லை 10,00,000 ரூபா. வைத்தியசாலைக் கட்டணம் 9,00,000 ரூபா. மேலோட்டமாகப் பார்த்தால் நாம் ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. இனி உள்ளே போவோம்.

இந்த வருடம் முன்னர் செய்த அஞ்சியோகிராம் பரிசோதனைக்கு 1,20,000 ரூபா எடுத்தாயிற்று. எனவே மிஞ்சியிருப்பது 8,80,000. அறைக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபா மட்டுமே தருவார்கள். நாம் 18,000 ரூபா அறையில் 5 நாள் தங்கினோம். மேலதிகம் 40,000 எம்முடையது. கையுறை, பதிவுக் கட்டணம், கூட நின்றவரின் சாப்பாடு போன்ற ஏற்கப்படாதவை 30,000. ஆக, ஏற்கப்படும் கட்டணம் 8,30,000. இதில் நூற்றுக்குப் பத்து வீதம் நாம் ஏற்கவேண்டும் என்று விதி இருந்தால் 83,000 ரூபா கழியும். காப்புறுதி தருவது 7,47,000. நாம் கட்டுவது 1,53,000.

இலவசம் என்று எண்ணிப்போனவர் வைத்தியசாலையின் காசாளர் முன் ஒன்றரை இலட்சத்துக்கு நிற்கிறார். முன்கூட்டியே தெரிந்திருந்தால் சிறிய அறையைக் கேட்டிருக்கலாம். 40,000 ரூபா மிஞ்சியிருக்கும்.

ஆகவே காப்புறுதி அலுவலரிடம் கேட்க வேண்டியவை: ஆண்டு எல்லையில் மிச்சம் எவ்வளவு? சத்திரசிகிச்சைக்குத் தனி எல்லை உண்டா? வால்வுக்கும் ஸ்டென்டுக்கும் தருவார்களா? எமது பங்கு எத்தனை வீதம்? எந்த வைத்தியசாலைகளில் நேரடியாகக் கட்டுவார்கள். எங்கே நாம் கட்டிப் பின்னர் எடுக்கவேண்டும்? முன் அனுமதி வேண்டுமா? கோரிக்கையை எத்தனை நாளுக்குள் அனுப்பவேண்டும்? பதிலைக் கடிதத்தில் வாங்குங்கள். முடியாவிட்டால் பதில் சொன்னவரின் பெயரையும் திகதியையும் கொப்பியில் எழுதுங்கள்.

இலவசத்துக்கும் ஒரு விலை

அரச வைத்தியசாலையில் செய்தால் கட்டணம் இல்லை. ஆனால் செலவு உண்டு. மீண்டும் ஓர் உதாரணக் கணக்கு. வன்னியிலிருந்து கொழும்புக்குப் போய் வரும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

கிளினிக்குக்கும் சத்திரசிகிச்சைக்கும் போக்குவரத்து 45,000 ரூபா. கூட நிற்பவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் நாளொன்றுக்கு 2,500 ரூபாப்படி 20 நாளுக்கு 50,000. வெளியில் செய்த பரிசோதனைகளும் வாங்கிய மருந்துகளும் 60,000. வீட்டிலும் தோட்டத்திலும் நோயாளியின் வேலைக்குக் கூலியாள், நாளொன்றுக்கு 2,500 ரூபாப்படி 40 நாளுக்கு 1,00,000. மொத்தம் 2,55,000 ரூபா.

2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதையும், வெளியில் வாங்கி வரச் சொன்னதையும் நாம் அறிவோம். ஆகவே மூன்றாவது வரியை வெறுமையாக விடவேண்டாம்.

நான்காவது வரிதான் கமக்காரருக்குப் பெரியது. நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் சத்திரசிகிச்சையின் பின் அந்த எலும்பு பொருந்த ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். அதுவரை நெல் மூட்டை தூக்குதல், மண்வெட்டி பிடித்தல், கிணற்றில் அள்ளுதல், உழவு இயந்திரம் ஓட்டுதல் ஆகா. ஐப்பசியில் சத்திரசிகிச்சை என்றால் காலபோக விதைப்புக்கு அவர் இல்லை. மனைவிக்கென்றாலும் இதே கதைதான். களை பிடுங்குவதும் மாட்டைப் பார்ப்பதும் தண்ணீர் அள்ளுவதும் அவர் சம்பளமின்றிச் செய்த வேலைகள். அவர் படுத்த பின்னரே அவற்றின் கூலி என்னவென்று தெரியவரும்.

நாட்கணக்கில் தரும் காப்புறுதி இருந்து, நாளொன்றுக்கு 5,000 ரூபாப்படி 12 நாளுக்குத் தந்தால் 60,000 ரூபா. அது கூடநின்றவரின் செலவைத் தீர்த்து, மேலும் 10,000 மிச்சம் தரும். சிறிய பத்திரமென்று ஒதுக்கிவைத்தது இவ்விடத்தில் பெரிய உதவி.

உதவி தரும் நிதிகள்

1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட ஜனாதிபதி நிதியம், வருமானம் குறைந்த நோயாளருக்கு இதய சத்திரசிகிச்சை உட்பட்ட வைத்தியத் தேவைகளுக்கு உதவுகிறது. முன்னர் கொழும்புக்குச் சென்றே அலுவல் பார்க்கவேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்கள் ஊடாகவே விண்ணப்பிக்க ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. வைத்தியரின் சிபாரிசு, வைத்தியசாலையின் மதிப்பீடு, கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தும் வருமான விபரம் ஆகியன தேவைப்படும். திகதி குறித்த உடனேயே, சத்திரசிகிச்சைக்கு முன்பே, பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள். இந்நிதி முழுத் தொகையையும் தரும் என்று எண்ணவேண்டாம். விண்ணப்பத்தை "முடித்துத் தருகிறேன்" என்று காசு கேட்கும் இடைத்தரகருக்கு இங்கே வேலையில்லை.

தனியார் துறையில் வேலை செய்தவர்கள் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தை மறந்துவிடுகிறார்கள். 1980 இன் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இந்நிதியத்தில் உறுப்பினருக்கு இதய சத்திரசிகிச்சைக்கான உதவித் திட்டம் உண்டு. ஊழியர் சேமலாப நிதியத்திலிருந்தும், 2012 இன் சட்டத் திருத்தத்தின்படி, வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க இடமுண்டு. 10 வருட உறுப்புரிமையும் 3,00,000 ரூபாவுக்குக் குறையாத மீதியும் வேண்டும். நோயாளி உறுப்பினரா, உறுப்பினரின் துணையா என்பதைச் சொல்லி அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பழைய பத்திரமும் புதிய பத்திரமும்

போருக்கு முன்னரோ இடையிலோ ஆயுட் காப்புறுதி கட்டி, இடப்பெயர்வால் தவணை நின்றுபோன குடும்பங்கள் எம்மிடையே உண்டு. "அது போயிற்று" என்று முடிவுகட்டவேண்டாம். குறிப்பிட்ட சில வருடங்கள் கட்டப்பட்டிருந்தால், தவணை நின்றாலும் பத்திரத்துக்கு ஒரு பெறுமதி இருக்கக்கூடும். பழைய பற்றுச்சீட்டு ஒன்றோ பத்திர இலக்கமோ கிடைத்தால் கம்பனிக் கிளையில் எழுத்தில் கேளுங்கள்.

மறுபுறத்தில், நோய் கண்டபின் அவசரமாகப் புதிய காப்புறுதி எடுப்பதால் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பயன் கிடைக்கும் என்று நம்பவேண்டாம். ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பல பத்திரங்களில் இடமில்லை. மற்றவற்றுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. "நெஞ்சு நோவை எழுதவேண்டாம் அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முகவர் ஒருவர் சொன்னால், அவர் தம் தரகுப் பணத்தைப் பார்த்துக்கொள்கிறார். கோரிக்கை வரும் நாளில் கம்பனி கிளினிக் கொப்பியைக் கேட்கும். மறைத்தது தெரிந்தால் முழுப் பத்திரமும் செல்லாமற் போகலாம். விளங்காத மொழியில் இருக்கும் படிவத்தில் கையொப்பம் வைக்கவேண்டாம். வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள்.

காப்புறுதி நியாயமின்றி மறுக்கப்பட்டால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். மறுத்த காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அதன் பின்னரும் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் செல்லலாம். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். பற்றுச்சீட்டுகள், நோய் நிர்ணய அட்டை, அறிக்கைகள் எல்லாவற்றினதும் பிரதியை எடுத்துவைத்துக்கொண்டே மூலப்பிரதியைக் கொடுங்கள். ஓடிவந்தபோது கடதாசி இழந்த எமக்கு அதன் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த பின்

சத்திரசிகிச்சை முடிந்ததுடன் செலவு முடிவதில்லை. வால்வு மாற்றுவதாயின் இரு வகை உண்டு. உலோக வால்வு நீண்டகாலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் 'வோபரின்' குளிசை குடிக்கவேண்டும். ஒழுங்காக இரத்தப் பரிசோதனையும் செய்யவேண்டும். விலங்குத் திசுவாலான வால்வுக்கு அக்குளிசை வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் தேவைப்படாது; ஆனால் பத்துப் பதினைந்து வருடங்களில் தேய்ந்து மீண்டும் சத்திரசிகிச்சை வரக்கூடும். வோபரின் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. ஆகவே பிள்ளை பெறும் வயதுள்ள பெண்ணுக்கு எந்த வால்வு என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து வைத்தியருடன் பேசவேண்டும். கணவன் மட்டும் வெளியே நின்று தலையாட்டிவிட்டு வருவது சரியன்று.

குளிசையும் பரிசோதனையும் அரச கிளினிக்கில் இலவசம். கிளினிக்குக்குப் போகும் பஸ் காசும் இழக்கும் நாட்கூலியும் எம்முடையவை. மாதம் ஒரு நாள் என்றால் வருடத்துக்கு 12 நாள். இதையும் கணக்கில் சேருங்கள். காசில்லை என்று குளிசையை நிறுத்தியவருக்கு வால்வில் இரத்தம் உறைந்து உயிரே போகலாம்.

ஒரு கொப்பி, நான்கு பக்கம்

இவ்வளவையும் தலையில் வைத்திருக்க இயலாது. பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். முதற் பக்கத்தில் வைத்தியர் சொன்னது. இரண்டாவதில் வைத்தியசாலை கேட்பது. மூன்றாவதில் காப்புறுதியும் நிதிகளும் தருவது. நான்காவதில் பயணம், தங்குமிடம், கூலி, கிளினிக். இரண்டாம், நான்காம் பக்கங்களைக் கூட்டி, மூன்றாம் பக்கத்தைக் கழித்தால் வருவதே குடும்பம் தேடவேண்டிய தொகை.

அத்தொகை கண்முன் நின்றால் அதனைப் பங்கிடலாம். கூட்டுறவுச் சங்கக் கடன் ஒரு பகுதி, மாதர் சங்கச் சேமிப்பு ஒரு பகுதி, வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒரு பகுதி, அடகு ஒரு பகுதி. கமக்காரர் அமைப்பிலுள்ள அயலவர்கள் காசு தரமுடியாவிட்டாலும் ஆளுக்கு ஒரு நாள் வயலில் இறங்கலாம். அதுவும் நான்காம் பக்கத்தில் ஒரு வரியைக் குறைக்கும்.

காணி விற்பது கடைசி வழியாக இருக்கட்டும். சத்திரசிகிச்சை முடிந்து வருபவருக்கு, மூன்று மாதம் கழித்து மெல்ல இறங்கி நடக்க ஒரு வரப்பு வேண்டும்.